நெல் தூசிக்குச் சாத்திய ஜன்னல்

அக்கா,

இன்று காலை ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே கழுத்தெல்லாம் நெல் சுணை ஒட்டி அரித்தது. பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில் சம்பா நெல்லைத் தூற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அந்தத் தூசி மூக்கில் ஏறியதும் உங்கள் நினைப்புதான் வந்தது. வார்டுக்குப் போகவே கால் வரவில்லை.

போன தை மாதமும் இப்படித்தான் தூசி பறந்தது. நான் ஆண்கள் வார்டு நர்ஸ், நீங்கள் அங்கே துப்புரவு வேலை. குடவாசலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் வேலையாக இரண்டு பக்க ஜன்னலையும் திறந்துவிடுவீர்கள். காற்று ஓடினால்தான் இருமுகிறவர்களின் கிருமி உள்ளே தங்காது என்று பயிற்சியில் நம் எல்லோருக்கும்தான் சொன்னார்கள். நீங்கள் மனதில் வாங்கிக்கொண்டீர்கள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

உடம்பு அரிக்கிறது என்று நோயாளிகள் முணுமுணுத்தார்கள். நான் ஜன்னலைச் சாத்தினேன், நீங்கள் திறந்தீர்கள். மூன்றாம் நாள் வார்டே பார்க்க உங்கள் மேல் பாய்ந்தேன். "இங்க சிஸ்டர் நீங்களா, நானா?" என்று கேட்டேன். நீங்கள் கொக்கியை மாட்டிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். அறுவடை முடியும்வரை அந்த ஜன்னல் திறக்கவே இல்லை.

ஏழாம் கட்டிலில் சர்க்கரைக்காகச் சேர்ந்திருந்த ஒரு கூலிக்காரர் ஓயாமல் இருமினார். களத்தில் நின்ற உடம்பு, நெல் தூசிதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு டாக்டரிடம் வாயே திறக்கவில்லை. சளி எடுத்துப் பார்க்க இரண்டு வாரம் ஆகிவிட்டது. காசநோய். அந்த இரண்டு வாரமும் அவர் துப்பிய கிண்ணத்தைக் கழுவியதும் போர்வையை மடித்ததும் நீங்கள். உங்களுக்கு ஒரு முகக்கவசம் எடுத்துக் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, பாவி.

புரட்டாசியில் குறுவை அறுப்பு நடக்கும்போது நீங்கள் இரும ஆரம்பித்தீர்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? "தூசிதாங்க்கா, இதக் குடிங்க" என்று சிரப் பாட்டிலை நீட்டினேன். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாங்கிக்கொண்டீர்கள். உங்களுக்கும் சர்க்கரை உண்டு, சர்க்கரை உடம்பைக் காசநோய் சீக்கிரம் பிடிக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காசநோயில் நுரையீரல் இரண்டும் கெட்டுப்போயிருந்தது. கார்த்திகை பிறந்து நான்கு நாளில் போய்விட்டீர்கள்.

எங்கே தொற்றியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். எனக்கு அது ஆறுதலாக இல்லை. இப்போது யார் இருமிக்கொண்டு வந்தாலும் வாசலிலேயே முகக்கவசம் கொடுத்துத் தனியாக உட்காரவைக்கிறேன், அன்றைக்கே சளி எடுத்து அனுப்புகிறேன். அரிக்கிறது என்று திட்டுகிறார்கள். திட்டட்டும், ஜன்னலைச் சாத்துவதில்லை.

போன வாரம் உங்கள் மகளை வரச் சொல்லி, நீங்கள் போன சமயத்தில் எடுத்தது போக, கூடவே நின்று மறுபடி எக்ஸ்ரே எடுக்கவைத்தேன். ஒன்றும் இல்லை, நல்லபடியாக இருக்கிறாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா இருமுனப்ப என்னன்னு கேட்டு மருந்து குடுத்தது நீங்க ஒருத்தர்தானாம் சிஸ்டர். கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது அக்கா. "பாத்துப் போம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். உங்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது, நீங்கள் திருப்பி ஒன்றும் கேட்கப்போவதில்லை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.