தண்ணி வண்டி ஓட்டியவரின் காது

திருக்கோகர்ணம்,
புரட்டாசி 22

அன்பு மகள் மோகனப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. பிரகதாம்பாள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அந்த அயர்லாந்துக் குளிரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவள் கடுதாசி எழுதுகிறாளே என்று பயந்துவிடாதே. போனில் பேசினால் அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவர் சங்கதியை அவர் எதிரில் எப்படிப் பேசுவது. ஆடியில் நீ அழுதாயே, நான் இம்புட்டுத் தூரம் வேலைக்கு வந்தது அப்பாவுக்குப் பிடிக்கல, பொங்கலுக்கு வரட்டுமாப்பான்னு கேட்டதுக்குப் பதிலே சொல்லாம போனை ஒங்கிட்ட குடுத்துட்டாரு, இனிமே நான் வரவே மாட்டேன் என்று. அவரிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கினாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அவர் மேல் இருந்த கோபத்தில் குழம்பில் உப்பைக்கூட அள்ளிப் போட்டேன், மனுசன் மோரை ஊற்றிப் பிசைந்து தின்றுவிட்டுப் போனார்.

போன வாரம் ஆயுத பூஜை. அப்பா ரிட்டயர் ஆனபின் அவர் இடத்துக்கு வந்த டிரைவர் பாலாஜி வந்து எங்களைப் பயர் ஸ்டேசனுக்கு அழைத்துப் போனார். வண்டிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து வாழைக்கன்று கட்டியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு ஸ்டேசனை ஒட்டி நாம் குடியிருந்த குவார்ட்டர்ஸ் ஞாபகம் வந்துவிட்டது. அடுப்படியில் இருந்தபடியே எந்த வண்டி கிளம்புகிறது என்று சொல்லிவிடுவேனே. தண்ணி வண்டி முக்கிக்கொண்டு கிளம்பினால் வைக்கோல் படப்போ குடிசையோ எரிகிறது, அப்பா இப்போதைக்குச் சாப்பிட வரமாட்டார். கயிறும் ஏணியும் ஏற்றின மீட்பு வண்டி போனால் எவர் வீட்டு மாடோ கிணற்றில் கிடக்கிறது. ஜெகதாப்பட்டினத்தில் படகு டீசல் பற்றிக்கொண்டது என்றால் நுரை வண்டி, அன்றைக்குச் சட்டையைத் துவைத்து மாளாது. ஆபீசர் ஜீப் மட்டும் போனால் ஒன்றுமில்லை, மீட்டிங். நீ பூஜையன்று டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அழுவாய், அப்பா உன்னை மடியில் வைத்து வாசலை ஒரு சுற்று சுற்றி வருவார்.

இப்போது சந்துக்குள் நுழைகிற குட்டி வண்டி ஒன்று புதிதாக வந்திருக்கிறது. அப்பா அதன் கதவைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். எலுமிச்சம்பழம் நசுக்க முன்னே போன தண்ணி வண்டி ஷெட்டுக்குள் விட ரிவர்ஸில் வருகிறது, ஹாரன் அலறுகிறது, எல்லாரும் அண்ணே ஒதுங்குங்க ஒதுங்குங்க என்று கத்துகிறார்கள், இவர் திரும்பக்கூட இல்லை. ஆத்தாடி, ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். வண்டி ஒரு முழத்தில் நின்றது. ஏண்டி இழுக்குற என்கிறார் மனுசன்.

வீட்டுக்கு வந்து காதோடு வாய்வைத்துக் கேட்டேன். அப்புறம்தான் சொன்னார். முப்பது வருசம் பம்பு எரைச்சலுக்குப் பக்கத்துலயே நின்னு தண்ணி விட்டதுல வலது காது எப்பவோ போச்சு, எடதும் இப்ப பாதிதான், ஒன் வாயசைவைப் பாத்துத்தான் சமாளிக்கிறேன், போன்ல பிள்ளை பேசுறது ஒண்ணும் வெளங்கல, திருப்பித் திருப்பிக் கேட்டா அப்பன் செவிடாயிட்டான்னு அங்கிட்டு உக்காந்து அழுவா, அதான் ஒங்கிட்ட குடுத்துட்டேன் என்று. சத்தியமாவது மண்ணாவது, நீ கேட்டதையும் அழுததையும் கொட்டிவிட்டேன். எம்பிள்ளை வர்றதுக்கு எங்கிட்ட கேக்கணுமா என்று தேம்பித் தேம்பி அழுதார். என் கல்யாணம் ஆன நாளாக அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவிடு தாயி. போட்டதும் அப்பா போனுக்கு மெசேஜாக எழுதி அனுப்பு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நிறைந்து வாழவேண்டும். நேற்று டாக்டரிடம் போனோம், காதுக்கு மெசின் மாட்டினால் கேட்கும் என்றார். இவர் தை பிறந்ததும் வாரேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். ஏன் என்று கேட்டால், மெசினை மாட்டினதும் மொதல்ல எம்பிள்ளை கொரலைத்தான் கேக்கணும், அதுவரைக்கும் ஒன் சத்தம் கேக்காம நிம்மதியா இருந்துக்கிறேன் என்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா
உண்ணாமலை