மிளகளவு கங்கு

ஞாயிறு இரவு, கிள்ளான், மலேசியா.

வில்லால் கட்டையைச் சுழற்றித் தீ உண்டாக்க ஒரு மாதமாகப் பழகுகிறேன். இன்றும் பால்கனியில் வெறும் புகைதான். மேரு ஊரில் உள்ள எங்கள் வீட்டை விற்கலாம் என்று நான் சொன்னதிலிருந்து, நான்கு நாளாக மனைவி சரசு என்னோடு பேசவில்லை. துணி காயப்போட வந்தவள், எதிரே உட்கார்ந்து வில்லின் மறுமுனையைப் பிடித்தாள். சேர்ந்து இழுத்தோம். கட்டை முனகியது. கறுத்த தூளுக்குள் மிளகளவு கங்கு ஒன்று கண் திறந்தது.

"ஊதுங்க லா, அணையப் போவுது!"

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கங்கு அணைந்துவிட்டது.

"மழைக் காத்து, கட்டை ஈரமா இருக்கு. நாளைக்குப் பார்ப்போம்," என்றாள்.

தூங்குகிறாள். கூந்தலில் இன்னும் புகை வாசம். கண்ணை மூடினால் வில் போய்ப் போய் வருகிறது.

நாளைக்கும் தீ பிடிக்காமல் இருக்கட்டும்.