பழுப்பு அட்டைக்குள் இருந்த நாவல்

என் அருளக்காவுக்கு,

எங்களை விட்டு மேலே போன இடத்திலும் நீ புத்தகமும் கையுமாகத்தான் இருப்பாய். கொஞ்ச நேரம் அதை மூடிவைத்துவிட்டு நான் சொல்வதைக் கேள்.

மலைக்கோட்டை தெரிகிற மைதானத்தில் நம் ஊர் வாசகர்கள் சேர்ந்து ஒரு இலக்கிய விழா நடத்தினார்கள். யார் வேண்டுமானாலும் மேடையேறி, பிடித்த ஒரு பக்கத்தை வாசிக்கலாம். நான் உனக்குப் பிடித்த நாவலை எடுத்துப் போனேன். பழுப்பு அட்டை போட்டு, 'கணக்கு, பத்தாம் வகுப்பு' என்று லேபிள் ஒட்டி ஒளித்துப் படித்தோமே, அதே பிரதி. கதைப் புத்தகத்தைக் கண்டால் அடுப்பில் போடுவேன் என்பாள் அம்மா. எழுத்துத் தெரியாத அவளுக்கு, பழுப்பு அட்டை போட்டதெல்லாம் பாடப் புத்தகம். நாள் முழுக்கப் படித்தும் நீ கணக்கில் பெயிலானதுதான் அவளுக்கு விளங்கவே இல்லை.

மேடைக்குப் பக்கத்தில் அமைப்பாளர் ஒருவர் நின்று, வாசிக்க வந்தவர்களிடம் அந்த நாவலின் பெயரைச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். "அது கூடாதுன்னு சில பேரு சண்டைக்கு வாராங்க. அத மட்டும் வாசிக்காதீங்க." உன் பக்கத்தை வாசிக்கத்தானே வந்தேன்? அவர் என் கையைப் பார்த்தார். "கணக்குப் புத்தகமாம்மா? நீங்க போங்க."

ஏறிவிட்டேன். முதல் வரிசையில் அம்மா, மடியில் ஆயக்குடிக் கொய்யாவோடு. அந்த அட்டையோடு வாசிக்க எனக்கு வெட்கமாக இருந்தது அக்கா. பள்ளிக்கூட வயதில் பயந்தோம், சரி. ஐம்பது வயதிலுமா? யாருக்கு ஓட்டுப் போடுவது என்று தெரிந்த எனக்கு, எதைப் படிப்பது என்று தெரியாதா? அட்டையைக் கிழித்தேன். நாவலின் பெயரைச் சத்தமாகச் சொல்லி, நீ மூலையை மடித்துவைத்த பக்கத்தை வாசித்தேன்.

அமைப்பாளர் தலையில் கைவைத்தார். பின்னால் இரண்டு பேர் எழுந்து கத்தினார்கள், கைதட்டலில் அது கேட்கவில்லை. பிறகு அம்மா எழுந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"ஏண்டி, அருளு கணக்குல பெயிலானது இதாலதானா?"

பந்தலே சிரித்தது. அமைப்பாளரும்தான்.

கீழே இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இம்புட்டு நல்லாருக்கு, ரெண்டு பேரும் எனக்குத் தெரியாமலே படிச்சிருக்கீங்க. மிச்சத்த வீட்ல வந்து வாசி."

இப்போது தினமும் பத்துப் பக்கம் வாசிக்கிறேன். நீ மடித்த பக்கம் வந்தால் நிறுத்தச் சொல்கிறாள். "இங்கன அவ சிரிச்சிருப்பாளா?" என்று கேட்கிறாள். சிரித்தாய்தானே?

இந்த நாவல் முடிந்ததும் அடுத்தது என்ன என்று இப்போதே நச்சரிக்கிறாள். உன் பெட்டியில் இருப்பதையெல்லாம் வாசித்துக் காட்டுவேன். எதற்கும் அட்டை போட மாட்டேன், சத்தியம்.

அன்று லேபிள் ஒட்டித் தந்த
உன் தங்கச்சி, சகாயம்