நோம்பிக்கு வராதவள்

பாம்பன்
3-5-62

முனியாயி அப்பாவுக்கு இருசாயி எழுதிக்கொண்டது.

நானும் முனியாயியும் மாதனும் கை கால் முழுசாக வந்து சேர்ந்தோம். நீங்கள் எப்படி மலை ஏறினீர்கள் என்று கேட்க மாட்டேன். தலைப்பாகை கிடைக்கப்போகிற சந்தோஷத்தில் கால் தன்னால் ஏறியிருக்கும்.

ஆமாம், கோபமாகத்தான் எழுதுகிறேன். பங்குனியில் மிளகு விற்று வந்த அன்றைக்கு, சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு நீங்களாகத்தானே சொன்னீர்கள்? "புள்ளைங்களுக்கு லீவு உட்டதும் குடும்பத்தோட உன்ர தம்பி ஊட்டுக்குப் போய்ட்டு வரலாம் இருசாயி. தீவுங்கறாங்களே, அதையும் பார்த்துட்டு வரலாம்." நான் கேட்கக்கூட இல்லை. பிள்ளைகள் அன்றிலிருந்து கடல் கடல் என்று உயிரை எடுத்தார்கள்.

மலை இறங்கி, அடிவாரத்துப் புளியமரத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கிறோம். அர்த்தனாரி அண்ணன் மூச்சிரைக்க ஓடி வருகிறார். "நல்லமுத்து, ஊர்க்கவுண்டன் தலைப்பா இந்த வருசம் உனக்குத்தான்னு பேசி முடிச்சாச்சு. நாளைக்கு மாரியாயி நோம்பி சாட்டறாங்க. சாட்டுன பொறவு ஊரை உட்டு வெளியில ராத் தங்கலாமா? அதுலயும் அந்தக் கடல்காரி கையில சோறு தின்னுட்டு வந்தீன்னா உனக்கு எப்படித் தலைப்பா கட்டறது?" கடல்காரி என்றால் என் தம்பி பெண்சாதி. அவளைக் கட்டினதற்குத்தானே சின்னுசாமியை மலைக்கு ஆகாதவன் என்று பதினோரு வருஷமாக ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "வா இருசாயி, அடுத்த வருசம் பார்த்துக்கலாம்" என்றீர்கள். முனியாயி சரியென்று தலையாட்டினாள். அழவில்லை, முகம்கூடச் சுருங்கவில்லை. பன்னிரண்டு வயசுப் பெண் அச்சு அசல் என்னைப் போலவே தலையாட்டினாள். அதைப் பார்த்ததும் இனித் திரும்பக் கூடாது என்று தோன்றிவிட்டது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். பிள்ளைகளையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். டிக்கெட்டுக்கு முந்தானையில் முடிந்திருந்த என் கோழிக் காசு போதுமாக இருந்தது.

மூட்டை உங்களோடு மலைக்குத் திரும்பிவிட்டதால் எங்களுக்கு மாற்றுத்துணி கிடையாது. இப்போது நான் கட்டியிருப்பது அந்தக் கடல்காரியின் சேலை. செபஸ்தியம்மாள் என்று அவளுக்குப் பேர் இருக்கிறது. தம்பிக்கென்று கட்டிவைத்த சாமை அரிசியும் அந்த மூட்டைக்குள்தான் கிடக்கிறது. வெறுங்கையோடு வந்து நின்றேன். அவன் "அக்கா, வந்துட்டியா" என்றான், அவ்வளவுதான்.

ரயில் கடலுக்கு மேலேயே போகிறது. மாதன் கண்ணை மூடிக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தான். லீவு முடிகிறவரை இங்கேதான் இருப்போம்.

இப்படிக்கு,
இருசாயி

(உறை மேல் உங்கள் பேரை முனியாயி எழுதினாள். கட்டினவன் பேரை எழுதுகிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை.)


ஆலத்தூர் நாடு
9-5-62

இருசாயிக்கு,

கடுதாசி வந்தது. சோளக்காட்டுச் சந்தையில் வாங்கி, அங்கேயே நின்று படித்தேன். படித்திருக்கக் கூடாது. நாலு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

நோம்பி சாட்டியாகிவிட்டது. வருகிற இருபத்திரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை மாரியாயிக்குப் பொங்கல். தலைப்பாகை கட்டுகிறவன் பெண்சாதிதான் முதல் பானை வைக்க வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியாததா? எங்கள் அப்பன் இந்தத் தலைப்பாகைக்குக் காத்துக் காத்தே செத்தான். அவனுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைக்கிற நேரத்தில், நீ போய் உப்புத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு நிற்கிறாய்.

பெரியவர்களிடம் பேசியிருக்கிறேன். ஊர் எல்லைக் கல்லில் உனக்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று அங்கேயே சபை முன்னால் விழுந்து எழுந்தால் போதும், விட்டுவிடுகிறோம் என்கிறார்கள். ஒரு நிமிஷக் காரியம். தபால் கண்டதும் கிளம்பு. அவள் கையால் சாப்பிட்டாயா இல்லையா என்பதை மட்டும் எழுதாதே. எனக்குத் தெரியாமல் இருந்தால்தான் சபையில் தெரியாது என்று சொல்ல முடியும்.

தீவு என்பது தண்ணீரில் மிதக்கிற நிலம், காற்றடித்தால் நகர்ந்துவிடும் என்று அத்தாயிக் கிழவி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் நம்பவில்லை. இருந்தாலும் பிள்ளைகளை ஓரத்துக்கு விடாதே.

மூட்டையைப் பிரிக்கவில்லை, அப்படியே இருக்கிறது. நான் வடித்தால் சாமைச் சோறு குழைந்து போகிறது. செவலைப் பசு கறக்க விடமாட்டேன் என்கிறது, உன்னைத்தான் தேடுகிறது.

இப்படிக்கு,
நல்லமுத்துக் கவுண்டன்


பாம்பன்
14-5-62

முனியாயி அப்பாவுக்கு,

சாப்பிட்டேன். மூன்று வேளையும் அவள் கையால்தான் சாப்பிட்டேன். நேற்று மீன் குழம்பு, இன்றைக்கு நண்டு. நண்டை எப்படி உடைப்பது என்று தெரியாமல் நான் விழித்தபோது செபஸ்தியம்மாள் உடைத்து என் தட்டில் வைத்தாள். இதையும் சபையில் சொல்லிக்கொள்ளுங்கள்.

தீவு நகரவில்லை. அத்தாயி ஆயாவிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் நான் செய்த கூத்தைச் சொன்னால் அவளே தேவலை என்பீர்கள். வந்த நாலாம் நாள் காலையில் எழுந்து பார்க்கிறேன், கரையில் இருந்த தண்ணீரைக் காணோம். சேறும் மணலும் தெரிகிறது, குட்டைகளில் மீன் துள்ளுகிறது. நம் ஊர் ஓடை கோடையில் வற்றினால் என்ன செய்வோம்? ஒருத்தர் முந்தி இறங்கக் கூடாது, கூவி ஊரைக் கூட்டி எல்லோருமாக இறங்கிப் பிடித்துப் பங்கு போடுவோம் இல்லையா? நானும் அப்படியே தெருவில் நின்று, "கடல் வத்திப் போச்சுங்கோ! கூடை எடுத்துட்டு வாங்கோ!" என்று கத்தினேன். தெருவே எழுந்து வந்துவிட்டது. செபஸ்தியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மதினி, அது எங்கயும் போகலை. பொழுது சாய வந்துரும்" என்றாள். இப்போது என்னைக் கண்டால் சின்னப் பிள்ளைகள் கூடை வேண்டுமா என்று கேட்கின்றன. மானம் போனாலும் மீன் கிடைத்தது. தெரு முழுக்கப் பங்கு போட்டோம், என் சொல்படி.

இன்னொன்று சொல்கிறேன், நீங்கள் நம்ப மாட்டீர்கள். நேற்று நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். மடியில் புடைக்க முறம் இல்லை, கையில் அரிய கிழங்கு இல்லை. மணலில் காலை நீட்டிக்கொண்டு, பிள்ளைகள் தண்ணீரில் விழுந்து எழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதலில் தவித்தது. பிறகு பழகிப் போயிற்று. பள்ளிக்கூடத்துக்கு லீவு உண்டு, கோர்ட்டுக்கு லீவு உண்டு. அடுப்புக்கு மட்டும் கிடையாது என்று எந்த மாரியாயி சொன்னாள்? உங்களுக்கும் அந்த மணலில் ஓர் இடம் வைத்துத்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வராதது எனக்கு ஆறவே இல்லை.

தம்பி பிள்ளைகள் இரண்டு பேருக்கும் மலை என்றால் என்னவென்று தெரியாது. மணல் மேட்டைக் காட்டி, "அத்தை, இம்புட்டு உசரம் இருக்குமா?" என்று கேட்கிறான் சின்னவன். சின்னுசாமி எழுந்து வெளியே போய்விட்டான். திரும்பி வந்து, "பலா பழுத்திருக்குமில்ல அக்கா இப்ப?" என்றான்.

எல்லைக் கல்லில் விழுவதைப் பற்றி எழுதினீர்கள். விழ மாட்டேன். தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன், தெரிந்துதான் ஏறினேன். பெற்ற பிள்ளைகளுக்குப் பேச்சைக் கொடுத்துவிட்டுப் புளியமரத்தடியில் திரும்பினது யார்? முதலில் அவருக்குத் தெளியுங்கள் மஞ்சள் தண்ணீர். மிச்சம் இருந்தால் நான் வாங்கிக்கொள்கிறேன்.

செவலைக்கு மடியைத் தடவிக்கொடுத்துப் பேசிக்கொண்டே கறக்க வேண்டும். அதட்டினால் விடாது.

இருசாயி


ஆலத்தூர் நாடு
18-5-62

இருசாயிக்கு,

உன்னை வாழவந்தி நாட்டுப் பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரத் துரைசாணியிடம் எழுதப் படிக்க விட்டார்களே உன் அப்பன் ஆத்தாள், அவர்களைச் சொல்ல வேண்டும்.

இன்னும் நாலு நாள் இருக்கிறது. நீ பொங்கலுக்குள் வந்து சேராவிட்டால் வீட்டை விலக்கி வைப்பார்கள். நெருப்புக் கொடுக்க மாட்டார்கள், நம் வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். முனியாயிக்கு இந்த மலையில் எந்த நாட்டிலிருந்து மாப்பிள்ளை வருவான்? என்னை விடு, அந்தப் பெண்ணை நினைத்துப் பார்.

நான் என்ன செய்யட்டும் சொல்லு? ஒரு பக்கம் ஊர், ஒரு பக்கம் நீ. வருகிறதானால் வா. இல்லாவிட்டால் அங்கேயே இருந்துகொள்.

நல்லமுத்துக் கவுண்டன்

செவலை கறந்தது.


பாம்பன்
24-5-62

முனியாயி அப்பாவுக்கு,

நேற்று முன்தினம் பொங்கல் முடிந்திருக்கும். யார் முதல் பானை வைத்தார்களோ, யார் தலையில் துணி ஏறியதோ, எனக்குத் தெரியாது. மாரியாயி மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. செவ்வாய்க்கிழமை இங்கேயே, கடற்கரையில் மூன்று கல் கூட்டி ஒரு பானை வைத்தேன். செபஸ்தியம்மாள் விறகு கொண்டுவந்து போட்டாள். நன்றாகவே பொங்கிற்று. பொங்கின பானையைப் பார்த்து நீ எந்த ஊர் என்று சாமி கேட்கவில்லை.

அங்கேயே இருந்துகொள் என்று எழுதினீர்கள். அந்த வரியை இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். ராத்திரி அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. மறுநாள் எழுந்து முகம் கழுவும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யார் வீட்டுக்கு யாரை வராதே என்கிறீர்கள்? அந்த வீட்டுச் சுவருக்கு மண் மிதித்தது நான். கூரைக்குப் புல் அறுத்தது நான். மிளகுக்கொடி ஒவ்வொன்றையும் மரத்தில் ஏற்றிக் கட்டின கை இது.

முனியாயியை நினைக்கச் சொன்னீர்கள். நினைப்பானேன், அவளையே கேட்டேன். "கண்ணு, நாம எல்லைக் கல்லுல விழுந்து எழுந்தா ஊர்ல சேர்த்துக்குவாங்களாம். விழலாமா?" என்றேன். தலையாட்டவில்லை. "எதுக்கும்மா?" என்று கேட்டாள். நான் பெற்ற பெண்ணை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தது போல இருந்தது. அவளைக் கட்ட ஒரு மாப்பிள்ளையும் வராமல் போனால் போகட்டும். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவன் வரட்டும்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை இல்லை, அதற்கடுத்த ஞாயிறு, ஜூன் மூன்றாம் தேதி மத்தியானம் அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்குவோம். நாங்கள் மூன்று பேர் மட்டும் இல்லை. சின்னுசாமி, செபஸ்தியம்மாள், பிள்ளைகள் இரண்டு பேர், எல்லோரும் வருகிறார்கள். அவனுக்கு ரயில்வேயில் பத்து நாள் லீவு கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் கடலைப் பார்த்தோம், அவர்கள் மலையைப் பார்க்க வேண்டாமா? வர மாட்டேன் என்றுதான் தம்பி சொன்னான். "உனக்கு எதுக்கக்கா வம்பு" என்றான். வம்புதான், வா என்றேன்.

எல்லைக் கல்லைத் தாண்டி, ஊர் நடுவாக நடந்து, என் வீட்டுக் கதவைத் திறப்பேன். நெருப்புக் கொடுக்காவிட்டால் போகிறது, இரண்டு தீப்பெட்டி வாங்கிவிட்டேன். நீங்கள் கல்லுக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை அங்கே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

முனியாயி தண்ணீரில் கிடக்கிறாள். கூப்பிட்டால் வர மாட்டாள். அதனால் உறை மேல் உங்கள் பேரை நானே எழுதுகிறேன். எழுதிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை.

உங்கள்
இருசாயி


ஆலத்தூர் நாடு
28-5-62

இருசாயிக்கு,

சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. பொங்கல் அன்று நடந்ததை முதலில் எழுதுகிறேன்.

முதல் பானை அர்த்தனாரி வீட்டுக்காரி வைத்தாள். என்னைப் பலகையில் உட்கார வைத்துத் தலைப்பாகைத் துணியை மடியில் வைத்தார்கள். கட்டுவதற்கு முன் ஒரு முறை உண்டு என்றார்கள். "எம் பெண்சாதி மலைக்கு ஆகாதவள்னு சபையில மூணு தரம் சொல்லீரு நல்லமுத்து. சொல்லிப்போட்டா உன்ர மேல குத்தமில்லை, தலைப்பா கட்டீரலாம்" என்றார் அர்த்தனாரி. சொல்லத்தான் எழுந்தேன். அதை உன்னிடம் மறைக்கவில்லை. எழுந்து நின்றதும் எனக்கு நீ புளியமரத்தடியில் பஸ் ஏறினது ஞாபகம் வந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறினாய். ஒரு தரம்கூட வாய் வரவில்லை. துணியை மடித்து அர்த்தனாரி கையில் கொடுத்துவிட்டேன். நல்ல துணி, ஓரத்தில் சரிகை. அப்பனை நினைத்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

"இனிமேல் உன்ர ஊட்டுல எவன்டா கை நனைப்பான்?" என்று கேட்டார். "எம் மச்சினன் நனைப்பான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்போது நீ அவர்களைக் கூட்டி வருகிறாய் என்று எனக்குத் தெரியாது. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

வீட்டை விலக்கிவிட்டார்கள். பக்கத்துக் காட்டு முத்தன் மட்டும் வேலியோரம் நின்று பேசுகிறான். மற்றவர்கள் இன்னும் இல்லை.

மூன்றாம் தேதி நான் கல்லுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. அடிவாரத்தில் அதே புளியமரத்தடியில் நிற்பேன். அங்கேயிருந்து எல்லோருமாக ஏறலாம். சின்னப் பிள்ளைகளை நான் தோளில் வைத்துக்கொள்கிறேன். கிழக்குக் கொல்லைப் பலாவில் இரண்டு பழுத்துவிட்டது, சின்னுசாமிக்கென்று குரங்கு தொடாமல் காவல் இருக்கிறேன். மூட்டையை இன்னும் பிரிக்கவில்லை. அடுத்த லீவுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு கிளம்பலாம், சாமையை மட்டும் மாற்றிக் கட்ட வேண்டும்.

உன் உறையைச் சந்தையில் கையில் எடுத்த தபால்காரர், "என்னங்க இது, பொம்பளை கையெழுத்துல உங்க பேரு?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார். அர்த்தனாரியும் அங்கேதான் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன்.

நல்லமுத்து