உள்ளே ஒரு பலகை, வெளியே இரண்டு துண்டு

அனுப்புநர்
வே. முனிகிருஷ்ணன்,
உரிமையாளர், முனி பிளைவுட்,
ஜோகுபாளையம், பெங்களூர் – 560 008.

பெறுநர்
மேலாண்மை அறங்காவலர் அவர்கள்,
நாதரங்கம் சமுதாய வானொலி,
பெங்களூர்.

பொருள்: 12.02.2009 அன்று ஒலிப்பதிவு அறையில் நடந்த விபத்து – கரகாட்டக் கலைஞர் திருமதி சரசு குடிபோதையில் விழுந்ததாக எழுதப்பட்ட அறிக்கையை ரத்து செய்யவும், 13.05.2009 அன்று அழியவிருக்கும் முழு ஒலிப்பதிவைக் காப்பாற்றவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் நிர்வாக மேலாளர் திரு. கண்ணா அவர்களின் கடிதம், நாள் 30.03.2009.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த பிப்ரவரி 12ஆம் தேதி, வியாழக்கிழமை, பகல் பதினொன்றே கால் மணிக்கு, தங்கள் வானொலியின் ஒலிப்பதிவு அறையில் ஆடிக்கொண்டிருந்த திருமதி சரசு, காலடியில் இருந்த பிளைவுட் பலகை முறிந்து கீழே விழுந்தார். இடது இடுப்பு எலும்பு முறிந்தது. அவருக்கு வயது நாற்பத்தாறு. அவர் குடித்துவிட்டு வந்து, வரவேற்பறைப் படியில் வழுக்கி விழுந்தார் என்று தங்கள் அலுவலகம் அறிக்கை எழுதி வைத்திருக்கிறது. நான் அந்த அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்தவன். பலகையும் என்னுடையது.

2. நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். மரக்கடையில் சுமை தூக்கி, பிறகு கைவண்டியில் ரீப்பர் கட்டை விற்று, இன்று மூன்று ஷட்டர் வைத்த கடை நடத்துகிறேன். நாடகக்காரர்களையும் நடனக்காரர்களையும் உட்காரவைத்து அவர்கள் தொழிலைப் பற்றிப் பேசும் தங்களின் ‘மேடைக்குப் பின்னால்’ நிகழ்ச்சியை ஒரு ஞாயிறும் விட்டதில்லை. திரை இழுப்பவரைக்கூட மதித்து அரை மணி நேரம் பேசவிட்ட நிகழ்ச்சி அது. அதை நம்பித்தான் சரசுவின் பெயரை நானே தங்கள் நிலையத்துக்குச் சொன்னேன். வர மாட்டேன் என்றவரை வற்புறுத்தி அழைத்து வந்ததும் நான்தான்.

3. திருமதி சரசு எங்கள் பகுதி அம்மன் கோயில் திருவிழாக்களிலும் நாடக மேடைகளிலும் முப்பது வருடமாகக் கரகம் ஆடுபவர். அந்த மேடைகளுக்கு இருபது வருடமாகப் பலகை போடுவது என் கடை. ஒன்றரை அடிக்கு ஒரு கட்டை கொடுத்து, பலகையை அடித்து, அதன் மேல் நானே ஏறி நாலு மூலையும் மிதித்துப் பார்த்த பிறகுதான் அவரை ஏறச் சொல்வேன். இருபது வருடத்தில் ஒரு பலகைகூட அவர் காலை வாரியதில்லை.

4. நிகழ்ச்சித் தயாரிப்பாளர் செல்வி ஸ்னேஹா பிப்ரவரி 11ஆம் தேதி என் கடைக்கு வந்தார். பேச்சுக்கு நடுவில் இரண்டு நிமிடம் சலங்கைச் சத்தம் வேண்டும், அறையில் தரைவிரிப்பு இருப்பதால் காலடி கேட்காது, அதனால் பலகை இரவல் வேண்டும் என்றார். நிறுத்தி வைத்திருந்த பலகைகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். ஒன்றைக் காட்டி, “இதான்ணா. என்னா சவுண்டு!” என்றார். அதைத்தான் கொடுத்தேன். அந்தப் பலகையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அதை 10ஆம் பத்தியில் தனியாக எழுதியிருக்கிறேன். தாங்கள் அதைத் தவறாமல் படிக்க வேண்டும்.

5. மறுநாள் பலகையை நானே ஒலிப்பதிவு அறைக்குள் கொண்டுவந்து, அடியில் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் ரீப்பர் கட்டை கொடுத்துப் போட்டேன். நடுவில் கட்டை இருந்தால் சத்தம் அடங்கிப்போகிறது, எடுத்துவிடுங்கள் என்று செல்வி ஸ்னேஹா கேட்டார். எடுக்கக் கூடாது என்று ஒருமுறை சொன்னேன். “ரெண்டே நிமிஷம்தானேண்ணா” என்றார். எடுத்துவிட்டேன்.

6. பதினான்கு நிமிடம் உரையாடல் நடந்தது. மைக்கைப் பார்த்துப் பயந்த சரசு இரண்டாவது கேள்வியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கரகம் தலையில் இருக்கும்போது எதிரில் நிற்கும் ஆளைப் பார்க்கக் கூடாது, அவருக்குப் பின்னால் இருக்கும் விளக்குக் கம்பத்தைப் பார்க்க வேண்டும் என்று தொழில் சொன்னார். மழை பெய்து மேடை நனைந்தால் காலில் எண்ணெய்க்குப் பதில் விபூதி தேய்ப்பதைச் சொன்னார். ஆட்டக்காரப் பெண்களைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று கேட்டபோது அவர் சொன்ன பதில், பிப்ரவரி 22 ஞாயிறு அன்று தங்கள் வானொலியிலேயே ஒலிபரப்பானது. அதை அப்படியே எழுதுகிறேன்: “ஆடுறவன்னா குடிப்பான்னு நெனச்சிக்கிறாங்கம்மா. குடிச்சா நானே நிக்க மாட்டேன், தலையில கரகம் எப்டி நிக்கும்?” இதை ஊருக்கே ஒலிபரப்பிய நிலையம்தான், அவர் குடித்திருந்தார் என்று எழுதி வைத்திருக்கிறது.

7. பிறகு ஆடச் சொன்னார்கள். சலங்கை மட்டும் போதும், கரகம் வேண்டாம், கேட்கிறவர்களுக்குத் தெரியவா போகிறது என்றார் செல்வி ஸ்னேஹா. “தலையில பாரம் இல்லன்னா கால் ஒழுங்கா வராதும்மா” என்று சரசு கரகத்தை ஏற்றிக்கொண்டார். ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே ஆடியிருப்பார். பலகையின் நடுப்பகுதி சடாரென்று முறிந்தது. சாதாரணமாக விழுகிற எவரும் கையைத் தரையில் ஊன்றுவார்கள். அவர் இரண்டு கையும் மேலே போய்ச் செம்பைப் பிடித்தன. உடம்பு முழுவதும் இடுப்பில் இறங்கியது. கரகம் கீழே விழவில்லை. செம்பில் போட்டிருந்த அரிசி ஒரு மணிகூடச் சிதறவில்லை. தரையில் கிடந்தபடி, “இத்த மொதல்ல வாங்கிக்கங்க” என்று நீட்டினார். உள்ளே ஓடிப் போய் வாங்கியது நான். குடித்தவர் கை செய்கிற வேலையா இது என்று தாங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

8. தூக்கிப் போகத் தள்ளுவண்டி எதுவும் தங்கள் நிலையத்தில் இல்லை. முறிந்த பலகையின் பெரிய துண்டில் அவரைக் கிடத்தி, நான்கு பேராக என் வண்டிக்குக் கொண்டு வந்தோம். உள்ளே போகும்போது பொருளைப் பதிவேட்டில் எழுதிய வாசற்காவலர் திரு. நாகேஷ், வெளியே போகும்போதும் விதிப்படி எழுதி, அதன் அடிச்சீட்டை என்னிடம் கொடுத்தார். கன்னடத்தில் உள்ளதன் தமிழ்: ‘10.20 – உள்ளே, பிளைவுட் ஒன்று. 11.40 – வெளியே, பிளைவுட் உடைந்தது, இரண்டு துண்டு. ஒன்றின் மேல் அம்மா.’ படியில் வழுக்கியவருக்கும் என் பலகை இரண்டானதற்கும் என்ன சம்பந்தம் என்று திரு. கண்ணா அவர்களைக் கேட்டு எழுதினேன். ஒப்பந்தத் தாளில் ‘உரையாடல்’ என்றுதான் இருக்கிறது, வானொலியில் ஆட்டம் என்பதே கிடையாது, எனவே அவர் ஆடவில்லை என்று பதில் வந்தது. பிப்ரவரி 22 அன்று நாற்பது நொடி சலங்கை ஒலித்ததே, ‘நம் கலையகத்தில் அவர் ஆடியபோது’ என்று அறிவிப்பும் வந்ததே, அது யாருடைய கால்? கடையில் இருக்கும் டேப்பில் அதைப் பதிந்து வைத்திருக்கிறேன். முறிகிற சத்தத்துக்கு முன்னால் வெட்டியிருக்கிறார்கள். வெட்டாத முழுப் பதிவு தங்கள் கணினியில் இருக்கிறது. ஒலிபரப்பாகாத பதிவுகள் தொண்ணூறு நாளில் அழிக்கப்படும் என்று அதே கடிதம் சொல்கிறது. தொண்ணூறாவது நாள் மே 13. காவலர் நாகேஷ் மேல் இதற்காக எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வளாகத்தில் அன்று நடந்ததை நடந்தபடி எழுதியவர் அவர் ஒருவர்தான்.

9. அறிக்கை ஒரு கோப்புக்குள் தூங்கியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘மது அருந்தி விழுந்ததாகத் தகவல்’ என்று ஏறியது தங்கள் ஆள் சொன்னதால்தான். அது ஜோகுபாளையம் முழுக்கப் பரவியது. திருவிழாக் குழுவினர் தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டார்கள். அறிக்கை அப்படித்தான் இருக்கிறது என்று பதில் கிடைத்தது. அத்துடன் சரசுவோடு ஆடும் நான்கு பெண்களையும் நிறுத்திவிட்டார்கள். “குடிச்சிட்டு வுழுந்தவ கைய அம்மன் கரகத்துல வெக்க வுடுவமா?” என்று திருவிழாக் குழுவில் ஒருவர் என் கடை வாசலிலேயே கேட்டார். சரசு இனி ஆட முடியாது, கோல் வைத்து நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆனால் ஆடப்போகும் பெண்ணின் தலையில் கரகத்தை எடுத்து வைப்பது எப்போதும் அவர் கைதான். மே 17 ஞாயிறு திருவிழா. அன்று அந்தக் கை வேண்டாம் என்றுவிட்டார்கள். நாற்காலியில் தூக்கிப் போயாவது வைக்கிறேன் என்று அவர் சொல்லியனுப்பியதற்குப் பதில்கூட வரவில்லை.

10. இனி என் பக்கம். அந்தப் பலகை நல்ல பலகை அல்ல. ஒரு தச்சர் வாங்கிப் போய், உள் அடுக்கில் இடைவெளி இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தது. அப்படித் திரும்பி வருவதன் முதுகில் நான் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கி வைப்பேன். மேடைக்கு அனுப்ப மாட்டேன். உள்ளே காலியாக இருந்ததால்தான் தட்டும்போது அவ்வளவு நன்றாகச் சத்தம் வந்தது. செல்வி ஸ்னேஹாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். நல்ல பலகையைக் கொடுத்தால் சலங்கை கீறிவிடும், பிறகு விற்க முடியாது. இது எப்படியும் ஒதுக்கியதுதானே, இரண்டு நிமிடம்தானே என்று வாயை மூடிக்கொண்டேன். கடைப் பெயர் கெட வேண்டாம் என்று குறி தரைப்பக்கம் வரும்படி திருப்பிப் போட்டதும் நான்தான். அன்று ஏறி மிதித்தும் பார்க்கவில்லை. ஒலிப்பதிவு அறையில் விழுந்தார் என்றால் பதில் சொல்ல வேண்டும், படியில் விழுந்தார் என்றால் வேண்டாம் என்று திரு. கண்ணா போட்ட கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. அதே கணக்கை அவருக்கு முன்பே நான் போட்டிருக்கிறேன்.

11. இந்த மனுவை முதலில் எழுதியபோது 10ஆம் பத்தி இல்லை. ஏப்ரல் 19ஆம் தேதி, சரசுவின் கட்டிலருகில் உட்கார்ந்து, அவரும் அவர் மகள் வீணாவும் கேட்க முழுவதையும் படித்தேன். கடைசி வரை கேட்டுவிட்டு, “சாக்பீஸ் குறி எங்கணா?” என்றார். விழுந்து கிடந்தபோது முறிந்த துண்டு அவர் முகத்துக்கு நேராக நிமிர்ந்து நின்றிருக்கிறது. என் மேடைகளில் இருபது வருடம் ஆடியவருக்கு அந்தக் குறியின் அர்த்தம் தெரியாதா? இரண்டு மாதம் என்னை வைத்துக்கொண்டே அதைப் பற்றிப் பேசாமல் இருந்திருக்கிறார். “ரேடியோக்காரங்களும் நீயும் சேந்துதானே என்ன வுழ வெச்சீங்க? ரெண்டையும் எழுது. இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார். அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பதால்தான் இந்த மனு தமிழில் இருக்கிறது. கன்னட மொழிபெயர்ப்பும் இணைத்திருக்கிறேன்.

12. எனவே தாங்கள் தயவுகூர்ந்து,

அ) முழு ஒலிப்பதிவை மே 13க்குப் பிறகும் அழிக்காமல் வைத்து, திருவிழாக் குழுவினரும் சரசுவும் நானும் ஒன்றாக உட்கார்ந்து கேட்க ஒரு நாள் ஒதுக்க வேண்டும்;

ஆ) அறிக்கையில் மது, படி என்று எழுதியுள்ள வரிகளை அடித்து, அடித்ததை ஆஸ்பத்திரிக்கும் குழுவுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்;

இ) மே 17க்கு முந்தைய ஞாயிறு, அதே ‘மேடைக்குப் பின்னால்’ நேரத்தில், சரசு ஆடியது தங்கள் அறையில் என்றும், முறிந்தது பலகை என்றும் அறிவிக்க வேண்டும். பலகை யாருடையது என்று என் பெயரையும் கடைப் பெயரையும் சேர்த்தே சொல்லலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

நிலையத்திடம் சரசு பணம் கேட்கவில்லை. சிகிச்சைச் செலவு என் பொறுப்பு. அதைத் தங்கள் முன் பேசப்போவதில்லை. பிழை நிலையத்தில் எவ்வளவு, என்னிடத்தில் எவ்வளவு என்று தாங்கள் எப்படிப் பிரித்தாலும் என் பங்கை ஏற்றுக்கொள்கிறேன். அவர் பங்கு என்று எதையும் எழுதிவிடாதீர்கள்.

முறிந்த இரண்டு துண்டும், சாக்பீஸ் குறி வெளியே தெரியும்படி, என் கடை வாசலில் சாத்தி வைக்கப்பட்டுள்ளன. அறிக்கை மாறும் வரை அவற்றை எடுக்கக் கூடாது என்பது சரசு எனக்குப் போட்ட இரண்டாவது நிபந்தனை. வாங்க வருகிறவர்கள் என்ன குறி அது என்று கேட்கிறார்கள். சொல்லிவிடுகிறேன்.

இடம்: ஜோகுபாளையம்
நாள்: 27.04.2009

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) வே. முனிகிருஷ்ணன்

முழுவதும் படிக்கக் கேட்டேன். 10ஆம் பத்தி இருக்கிறது.
(ஒப்பம்) சரசு

இணைப்பு:
1. வாசற்பதிவேட்டின் அடிச்சீட்டு, 12.02.2009.
2. 22.02.2009 ஒலிபரப்பின் கேசட் ஒன்று.
3. மனுவின் கன்னட மொழிபெயர்ப்பு.
4. என் கடையின் டெலிவரி சலான் எண் 318, நாள் 11.02.2009, நானும் செல்வி ஸ்னேஹாவும் கையெழுத்திட்டது. அதில் எழுதியிருப்பது: ‘பிளைவுட் 8×4, 19 எம்.எம்., ஒன்று. இரவல். விலை இல்லை. எந்த நிலையில் போகிறதோ அந்த நிலையில் திரும்பி வர வேண்டும்.’