மூன்றடியில் ஒரு சுவிட்ச்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டால்தான் எனக்கு இங்கே வேலை ஓடுகிறது. என் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை உட்கார்ந்து நிதானமாகப் படி.

நீ வந்தால் தங்குவதற்குப் பின்பக்கம் ஓர் அறை கட்டுகிறோம் என்று சொன்னேன் அல்லவா, ஒருவழியாகக் கூரை போட்டாயிற்று. மூன்று கான்ட்ராக்டர்களைக் கூப்பிட்டோம். ஒருத்தர், இத்தனூண்டு வேலைக்கு ஆளுங்க வரமாட்டாங்கம்மா என்று வாசலோடு திரும்பினார். இன்னொருத்தர் நாளைக்கு வரேன் என்றார், அவருடைய நாளை இன்னும் விடியவில்லை. மூன்றாமவர், பழைய வீட்டையும் சேர்த்து இடிச்சிடலாமே என்று ஆரம்பித்ததும் அப்பாவுக்கு வந்ததே கோபம், நீ கிளம்புப்பா, என் பொண்ணு ரூமை நானே கட்டிக்கிறேன் என்றுவிட்டார். கூடமாட இருக்க ஒரு கொத்தனாரை மட்டும் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு செங்கல்லையும் தட்டிச் சத்தம் கேட்டு, மணலைக் கையில் கசக்கிப் பார்த்துத்தான் வாங்கினார். சாருக்கு இந்த வயசுல தொழில் கத்துக்குடுத்து நான் பொழைப்பை விட்டுடுவேன் போலிருக்கேக்கா என்று கொத்தனார் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குக் கண்ணேறு பட்டதுபோல, ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு நாள் என்னை நிறுத்தி, என்னக்கா, கோட்டையா கட்டுறீங்க, சார் இந்த வாரத்துல மூணாவது தடவை சிமெண்டு சொல்லிட்டாரே என்றார். சிரித்துக்கொண்டேதான் வந்தேன். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் அடியிலிருந்த மூட்டைகளெல்லாம் ஈரம் ஏறிக் கல்லாகக் கிடக்கின்றன. அப்பாவைக் கேட்டால், நான் எப்போ சொன்னேன் என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். யாருக்குத்தான் மறதி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும், மனது வரவில்லை.

போன வாரம் எலக்ட்ரீசியன் வந்தார். ஏம்மா, வீட்ல சின்னப் பிள்ளைங்க யாரும் இல்லையே, சார் சுவிட்ச் போர்டை மூணடியிலதான் வைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரே என்றார். அப்பாவிடம் போனேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொல்கிறார், அவளுக்கு எட்ட வேணாமா, அன்னிக்கு ஸ்டூல் போட்டு ஏறித்தானே விழுந்தா, மோவாயில எத்தனை தையல், நான் பக்கத்துலேயே இருந்தும் பாக்காம விட்டுட்டேனே. உனக்கு அப்போது ஏழு வயது, சிட்டு. இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிறகு, ஸ்கூல் விட்டு வர நேரமாச்சு, அவ வந்து தூசியில நிக்கப் போறா, சீக்கிரம் பெருக்கு என்றார். பெருக்கினேன். வேறு என்ன செய்ய.

அப்பாவை டாக்டரிடம் காட்டினேன். நோயின் பெயர் நீளமாக இருக்கிறது, நம்பிக்கை அத்தனை நீளமில்லை. போனில் உன் குரல் கேட்டுக்கொண்டிருக்கும் வரை அவருக்கு நீ பெரியவள், வைத்த பிறகு சில நாள் சின்னவளாகிவிடுகிறாய். சார் தூங்குறப்போ போர்டை மேல ஏத்திடட்டுமா என்று எலக்ட்ரீசியன் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

உன்னை லீவு போட்டு வரச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். வந்துவிடு. அந்த அறையில் நீ குனிந்துதான் விளக்குப் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு குறையுமில்லாமல் நீ நெடுநாள் வாழ வேண்டும், எங்கள் ஆசியெல்லாம் உனக்குத்தான். ஒன்றை மறந்துவிடாதே. உன் ஸ்கூல் பை மாட்டும் ஆணியை அப்பா இன்னும் அடிக்கவில்லை, உன்னைக் கேட்டுத்தான் அடிப்பாராம். ஞாயிற்றுக்கிழமை போனில் எந்த உயரத்தில் அடிக்க என்று கேட்டால், மூன்றே முக்கால் அடி என்று சொல்.

உன் அம்மா