சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் வந்த விளம்பரம்

நெய்வேலி,
14.10.2018

அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், பிரஷர் மாத்திரையை மறக்கவில்லை. புனேயில் உன் இருமல் நின்றிருக்கும், ஹாஸ்டல் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். தினமும் ஃபோனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஃபோனில் நான் பாதி சொல்வதற்குள் நீ ஐயோ அம்மா என்பாய், நான் மீதியை விழுங்கிவிடுவேன். இதை நான் முழுதாகச் சொல்ல வேண்டும், நீயும் முழுதாகக் கேட்க வேண்டும். சிங்காரவேலு சித்தப்பா உனக்குத் தனியாக ஃபோன் செய்து ஏதாவது சொல்லியிருந்தால் அதை ஓரமாக வைத்துவிட்டுப் படி.

போன மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா தன் மகளின் பரீட்சை ஹால் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்க நம் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அவர் வீட்டில் கம்ப்யூட்டர் உண்டு, பிரிண்டர் கிடையாது. செகண்ட் ஷிஃப்ட் போகிற அவசரம். நான் காபி போட உள்ளே போன நேரத்தில் செய்திப் பக்கம் ஒன்றைத் திறந்திருக்கிறார், அதன் ஓரத்தில் ஒரு விளம்பரம், நாற்பதைக் கடந்த பெண்களுக்கு மறுமணம், கடலூர் மாவட்ட வரன்கள் என்று. இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். இன்னா அண்ணி இது, இந்த வூட்டுல இன்னாத்துக்கு இது வருது என்றார். ஏதோ விளம்பரம் என்றேன். வேறு பக்கத்தைத் திறந்தார், அதிலும் அதே. கிரிக்கெட் பக்கத்திலும் அதே. உன் சித்தப்பாவுக்குக் காலையில் டீக்கடையில் பேப்பர் படித்துப் பழக்கம். பேப்பரில் வருவது எல்லோருக்கும் ஒன்றுதானே, அதனால் இதையும் ஊர் முழுக்கப் பார்க்கிறது, நான்தான் கொடுத்திருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். கல்யாண வயசுல பொண்ண வெச்சிகினு நீங்க உங்களுக்கு வெளம்பரம் குடுத்துகினு இருக்கீங்களா, நாளைக்கு மைன்ஸ்ல நான் எப்பிடித் தல காட்டறது என்று கேட்டார். எங்கண்ணன் செத்து வந்த வேலைல ஒக்காந்துகினு, என்று ஆரம்பித்து அதை முடிக்காமல் எழுந்தார். காபியைத் தொடவில்லை. ஹால் டிக்கெட்டை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

நிலா, விளம்பரம் நான் கொடுத்ததில்லை. ஆனால் அந்த மறுமணத் தளத்துக்குள் நான் போனது உண்மை. ஒரு தடவை இல்லை, ஒன்பது தடவை. நீ புனே போன பிறகு, ஆபீஸ் விட்டு வந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினால் வீட்டில் என் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லாத சாயங்காலங்களில் போனேன். பதிவு செய்யவில்லை, பெயர் கொடுக்கவில்லை. பார்த்தேன். குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் ஒரு கணக்கு வாத்தியார், பெயர் வைத்திலிங்கம், மனைவி இறந்து எட்டு வருடம். தன்னைப் பற்றி எழுதும் இடத்தில், சமைக்கத் தெரியும், தனியாகச் சாப்பிடத்தான் பிடிக்கவில்லை என்று ஒரே வரி எழுதியிருந்தார். அந்த வரிக்காகத்தான் மறுபடி மறுபடி போனேன். உன் அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அந்த ஆறு வருடமும் சாப்பாட்டைத் தட்டில் போடாமல் பாத்திரத்திலேயே பிசைந்து சாப்பிடுகிறேன் என்பது அந்த வரியைப் படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

சித்தப்பா போனதும் என்ன செய்தேன் தெரியுமா, பிரௌசரில் இருந்த எல்லாவற்றையும் அழித்தேன். விளம்பரம் போயிற்று. கூடவே மின்கட்டணப் பக்கம், பேங்க், மெயில், ரயில் டிக்கெட் போடும் தளம் எல்லாம் என்னை மறந்துவிட்டு நீ யார் என்று கேட்டன. ஒவ்வொரு பாஸ்வேர்டாக யோசித்து அடித்துக்கொண்டிருந்தபோதுதான் வெட்கம் வந்தது. பார்த்ததற்காக இல்லை, திருடியவள் கைரேகையைத் துடைப்பது போல நான் துடைத்ததற்காக. பி.எஸ்சி. படித்தவள், ஸ்டோர்ஸ் ஆபீஸில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவள், இது எப்படி நடக்கிறது என்று கூடத் தெரியாமலா பயப்படுவது என்று கோபம் வந்தது. அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து படித்தேன்.

நீ என்னைவிடப் படித்தவள், ஆனாலும் சொல்கிறேன். ஒரு தளத்துக்குள் போனதும் அது நம் பிரௌசரிடம் எண் போட்ட சின்னக் குறிப்பு ஒன்றைக் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறது, குக்கி என்பது அதுதான். சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் மாதிரி. மறுபடி போகும்போது பிரௌசர் அதை நீட்டுகிறது, ஓ, நீங்களா என்று அது அடையாளம் கண்டுகொள்கிறது. பேங்க் பக்கம் நம்மை மறக்காமல் இருப்பது இதனால்தான், அதில் தப்பில்லை. ஆனால் மெயின் பஜார், பஸ் ஸ்டாண்டு, சினிமா தியேட்டர் என்று எல்லா ஸ்டாண்டையும் ஒரே ஆள் காண்டிராக்ட் எடுத்து ஒரே டோக்கனைக் கொடுத்தால் என்ன ஆகும், நான் எங்கெங்கே போனேன், எத்தனை நேரம் நின்றேன் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். விளம்பரக் கம்பெனிகள் அப்படித்தான். மறுமணத் தளத்தில் அவர்கள் வைத்த குறிப்பைச் செய்திப் பக்கத்தில் படித்து, என் பெயர் தெரியாமலே என் கம்ப்யூட்டரை அடையாளம் கண்டு விளம்பரம் போட்டிருக்கிறார்கள். இதற்கெல்லாம் நான் தலையாட்டியும் இருக்கிறேன். அந்தத் தளத்தின் அடியில் ஒரு பட்டை வந்தது, ஏற்கிறேன் என்று பெரிய பச்சைப் பொத்தானும் பக்கத்திலேயே பொடி எழுத்தில் அமைப்புகள் என்றும் இருந்தது, நான் பச்சையை அழுத்தினேன். நீயும் அப்படித்தான் அழுத்துவாய். இனிமேல் பொடி எழுத்தைத் திறந்து, தேவையானதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மறுத்துவிடு. பிரௌசர் செட்டிங்ஸில் பிரைவசி என்ற இடத்தில் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்கும் வழி இருக்கிறது, நான் தடுத்துவிட்டேன். விளம்பரம் வருகிறது, என்னைத் தொடர்ந்து வருவது பெரும்பாலும் நின்றுவிட்டது. எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதும் இல்லை, வேண்டாத தளத்தின் குறிப்பை மட்டும் தனியாக அழிக்கலாம். பிரைவேட் விண்டோ மூடியதும் தன் குறிப்புகளை மறந்துவிடும், ஆனால் உன் ஆபீஸ் நெட்வொர்க் மறக்காது, அங்கே அதை நம்பாதே. இதையெல்லாம் செய்து முடித்த பிறகு அதே தளத்தைப் பத்தாவது தடவையாக, வேண்டுமென்றே, திறந்து பார்த்தேன்.

அதற்குள் அந்தப் பக்கம் ஒரு கூத்து நடந்திருக்கிறது. சித்தப்பா வீட்டுக்குப் போய் அதே செய்திப் பக்கத்தைத் திறந்திருக்கிறார், அங்கே சிமெண்ட் விளம்பரமும் டிவி விளம்பரமும்தான் இருந்திருக்கின்றன. விட்டிருக்கலாம். என் ஃபோட்டோ இருக்கிறதா என்று பார்க்க நேராக அந்த மறுமணத் தளத்துக்கே போய், பச்சைப் பொத்தானை அழுத்தி, நெய்வேலி, விதவை, நாற்பது முதல் ஐம்பது வயது என்று போட்டுத் தேடியிருக்கிறார். நாலு நாள் கழித்து இசக்கியம்மாள் சித்தி தலையைக் கூட வாராமல் நம் வீட்டுக்கு வந்தாள். உங்க கொழுந்தனாரு ரெண்டாங் கல்யாணத்துக்குப் பொண்ணு தேடறாருக்கா, நான் குருமாவுக்குக் குறிப்பு பாக்கலாம்னு தொறந்தா நெய்வேலியில் உங்களுக்கேற்ற விதவைகள்னு வருது, நான் இன்னும் உயிரோட இருக்கன்க்கா என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். ரெண்டு நாள் அவரும் வறுபடட்டும் என்று ஒரு நிமிடம் நினைக்கவும் செய்தேன். பிறகு, அவர் தேடினது என்னைத்தான் என்று சொல்லி நடந்ததை முழுக்கச் சொன்னேன், நான் பார்த்ததையும் சேர்த்து. சித்தி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த வாத்தியாருக்கு முடி இருக்குதாக்கா என்று கேட்டாள். பாதி இருக்கிறது என்றேன்.

இரண்டு பேருமாக அவர்கள் வீட்டுக்குப் போனோம். சித்தப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சத்தியமா நான் ஒரு தடவதான் பாத்தேன் அண்ணி, இத எப்பிடியாவது நிறுத்துங்க, புள்ள பாத்தா இன்னா நெனைக்கும் என்றார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் குறிப்பு யார் வைத்தது என்று திரையில் காட்டி, அந்தத் தளத்தினுடையதையும் விளம்பரக்காரர்களுடையதையும் அழித்து, இனி வராமல் தடுத்துக் கொடுத்தேன். பிறகு சொன்னேன், நீங்கள் பார்த்தீர்கள், அதனால் நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை, நான் பார்த்ததும் அப்படித்தான். நீங்கள் இசக்கியைக் கட்டிக்கொண்டபோது வேற சாதி என்று வீட்டில் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், உங்கள் அண்ணன் மட்டும் பக்கத்தில் நின்றார், அவர் பெயரை வைத்து என்னை அடக்காதீர்கள், வேலை அவரால் வந்தது, ஆறு வருடமாக உழைப்பது நான் என்றேன். அவர் எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்தார். சித்திதான், வாய்ல இன்னா வெச்சிகினு இருக்கீங்க, அன்னிக்கு அவ்ளோ பேசினீங்களே என்று கேட்டாள்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து அந்தத் தளத்தில் பதிவு செய்தேன். பெயர் பார்வதி, வயது நாற்பத்தாறு, ஒரு மகள் என்று உள்ளது உள்ளபடி எழுதினேன், ஃபோட்டோவும் போட்டேன். வைத்திலிங்கத்தோடு ஃபோனில் மூன்று தடவை பேசியாயிற்று. நிதானமான மனிதர், அதிகம் பேசவில்லை, நான் பேசுவதைக் கேட்கிறார். ஆயுத பூஜை முடிந்து வரும் ஞாயிறு, இருபத்தொன்றாம் தேதி, காலை பத்து மணிக்கு நம் வீட்டுக்கு வருகிறார். பண்ருட்டியில் எங்காவது ஹோட்டலில் பார்க்கலாமா, உங்களுக்குச் சங்கடம் இருக்காதே என்று கேட்டார். வேண்டாம், வாசல் வழியாக வாருங்கள், எதிர் குவார்ட்டர்ஸ்காரர்கள் அந்த நேரம் வெளியேதான் உட்கார்ந்திருப்பார்கள், பார்க்கட்டும் என்றேன். சித்தப்பாவையும் டிஃபனுக்குக் கூப்பிட்டிருக்கிறேன். ஷிஃப்ட் மாறினா பாக்கறேன் என்று இழுத்திருக்கிறார். அவுரு வரலன்னா நான் வர்றேங்க்கா, பாதி முடியப் பாக்கணும் என்கிறாள் சித்தி. இந்த ஆளைப் பிடிக்காமலும் போகலாம், அவருக்கு என்னைப் பிடிக்காமலும் போகலாம், அது வேறு. பார்க்கவே கூடாது என்று சொல்ல இனி யாருக்கும் இடம் கொடுப்பதாக இல்லை.

உனக்குக் கோபம் வரலாம், அழுகை வரலாம், அப்பா ஞாபகம் வரும். எனக்கும் வருகிறது. எல்லாவற்றையும் கேள், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பதில் சொல்கிறேன். ஆனால் உன் சம்மதம் கேட்டு இதை எழுதவில்லை கண்ணு. உன் அம்மா என்ன நினைக்கிறாள் என்பதை ஏதோ ஒரு பக்கத்தின் ஓரத்திலிருந்தோ அடுத்தவர் வாயிலிருந்தோ நீ தெரிந்துகொள்ளக் கூடாது, என் கையெழுத்தில் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகத்தான் எழுதினேன். மனசு நிமிர்ந்து, உடம்பு திடமாக, நினைத்ததைச் செய்து நூறு வருடம் நன்றாக இரு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் ஃபோன் செய்யாதே, வீட்டில் ஆள் இருக்கும்.

உன் அம்மா,
பார்வதி